வாழைநாரில் கட்டிய கரண்டு

ஒரு புத்தகத்தை முழுக்கப் படித்தவனால் ஊருக்குத் தொந்தரவு கிடையாது. ஒரு பக்கமும் படிக்காதவனாலும் கிடையாது. முதல் இரண்டு அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ‘அம்புட்டுத்தானா’ என்று மூடி வைத்தவன் இருக்கிறானே, அவனைத்தான் தூணில் கட்டிப்போட வேண்டும். என்னை அந்த வயதில் யாரும் கட்டிப்போடவில்லை. அதன் பலனை எங்கள் அக்கா பகவதியின் கல்யாணத்தில் தோவாளை ஊரே கண்ணால் பார்த்தது.

ஐம்பதுகளின் தொடக்கம். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று தெருவுக்குத் தெரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் என்றால் மைக் செட். மைக் செட் என்றால் வடசேரி செல்லையா அண்ணாச்சி. நான் நாகர்கோவிலில் இன்டர்மீடியட் படித்தேன். (படித்தேன் என்பது அப்பா ஊரில் சொல்லிக்கொண்டது. பௌதிகத்தில் கவிழ்ந்தேன் என்பதை அவர் சொல்லிக்கொள்ளவில்லை.) கவிழ்ந்த பிறகு வீட்டில் இருக்க வெட்கப்பட்டு, அண்ணாச்சி கடையில் போய் உட்காருவேன். ஒலிபெருக்கிக் குழாயைத் தூக்கச் சொன்னால் தூக்குவேன். வயரைச் சுற்றச் சொன்னால் சுற்றுவேன். மின்சாரத்தில் என் அனுபவம் மொத்தமும் அவ்வளவுதான். ஆனால் தோவாளைக்குத் திரும்பி நான் பேசிய பேச்சைக் கேட்டவர்கள், மூணாறு மலையில் தண்ணீரை விழவைத்துக் கரண்டு எடுப்பதே என் யோசனை என்று நினைத்திருப்பார்கள். வோல்ட், ஆம்பியர் என்று இரண்டு சொல் என்னிடம் இருந்தது. அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டுவேன்.

எங்களுக்குப் பூத்தொழில். வீட்டில் எல்லோருக்கும் மாலை கட்டத் தெரியும், என்னைத் தவிர. எனக்கும் தெரியும், ஆனால் மின்சாரம் அறிந்த கை நாரைத் தொடக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அக்காதான் கட்டுவாள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகச் சுசீந்திரத்து மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் அவள் கட்டிய பிச்சிப்பூ மாலை கேட்ட அளவுக்கு மேல் ஒரு முழம் நீளமாக வந்தது. அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

மாப்பிள்ளை நல்லவர். அவருக்கு அப்பா இல்லை. அப்பாவின் இடத்தில் தாய்மாமன் மாதேவன் சார் இருந்தார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கவிஞர் என்று அவரே சொன்னார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் கல்யாணங்களில் வாழ்த்துப்பா வாசித்து, கண்ணாடி போட்ட சட்டத்தில் கொடுப்பது ஒரு வழக்கம். மற்றவர்கள் எட்டு வரியில் முடிப்பார்கள். சார் எட்டு வரியில் மூச்சுதான் விடுவார். இதே மாப்பிள்ளைக்கு முன்பு பூதப்பாண்டியில் நிச்சயம் நடந்தபோது, சார் வாசித்துக்கொண்டிருக்கையில் யாரோ ஒரு மடையன், “இலை போட்டாச்சு” என்று சொல்லிவிட்டான். சார் காகிதத்தை மடித்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். வண்டியில் ஏறினார். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

அதனால் எங்கள் வீட்டில் சார் வைத்த நிபந்தனைகளுக்கு மறுபேச்சு கிடையாது. முதல் நிபந்தனை, மைக் செட் வேண்டும். இரண்டாவது, வாழ்த்துப்பாவைத் தாலி கட்டுவதற்கு முன்பே வாசிக்க வேண்டும்.

“தாலி கெட்டியாச்சுன்னா பந்தல்ல ஒருத்தன் இருப்பானா வேய்? எல்லாவனும் பந்திக்குல்லா ஓடுவான்” என்றார் அப்பாவிடம். “அதனால முதல்ல வாழ்த்து. முடிஞ்சதும் நான் கையக் காட்டுவேன். கையக் காட்டினா கதினா வெடி. வெடி கேட்டா கெட்டிமேளம். மேளம் கேட்டா தாலி. வெளங்கிச்சா?”

“சாரு சொன்னாச் சரிதான்” என்றார் அப்பா.

சாருக்கு அது போதவில்லை. கல்யாணத்தன்று காலையில் வந்து இறங்கியதும் நாதசுரக்காரர், தவில்காரர், வெடிக்காரர், மாப்பிள்ளை எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். “வெடி கேட்டா?” “மேளம்.” “மேளம் கேட்டா?” “தாலி.” மாப்பிள்ளை கொஞ்சம் மெதுவாகச் சொன்னார் என்று அவரை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். தவில்காரர் சிரிப்பை அடக்கத் தவிலைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏலே, மைக்கு மட்டும் சரியா இருக்கணும். அந்த மனுசன் காயிதத்த மடிச்சாருன்னா நம்ம குடி முங்கிச்சு, பாத்துக்க.”

“நீங்க சும்ம இருங்கப்பா. மைக்கு எனக்க பொறுப்பு.”

இதைச் சொன்ன பயல் இப்போதும் என் கண் முன்னால் தெரிகிறான். தலையில் எண்ணெய் வழிய, சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரி செருகிக்கொண்டு நிற்கிறான். அந்தப் பையில் பேனா இருந்திருந்தால் பரீட்சையாவது தேறியிருக்கும்.

செல்லையா அண்ணாச்சி விடியும்போதே மாட்டு வண்டியில் சாமான்களோடு வந்திருந்தார். “எனக்க மைக்குல பேசினவன்லாம் மந்திரியாயிட்டான்” என்று வழக்கமான பெருமையைச் சொல்லிக்கொண்டே குழாய்களைத் தென்னையில் கட்டினார். ஆம்பிளிபயரைப் பந்தலின் பின்பக்கம் ஒரு பெஞ்சில் வைத்தார். எங்கள் வீட்டில் கரண்டு கிடையாது. கொல்லைக்கு அந்தப் பக்கம் பூ வைக்கிற கிடங்கில், எங்கள் பேச்சில் கிட்டங்கியில், உண்டு. அங்கிருந்து கொல்லை வழியாக விரல் தடிமனில் ஒரு ரப்பர் கேபிள் வர வேண்டும். கேபிளின் கிட்டங்கி முனையில் பிளக் இருந்தது. நம் பக்கத்து முனையை ஏதோ ஒரு கூட்டத்தில் எவனோ அறுத்துவிட்டிருந்தான். அந்த முனையில் ஒரு சாக்கெட் பூட்டி, ஆம்பிளிபயரின் பிளக்கை அதில் செருக வேண்டும். அண்ணாச்சிக்கு அன்று ஆரல்வாய்மொழியில் இன்னொரு கல்யாணம். ரெண்டு நிமிட வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒரு வேலையை அடுத்தவன் தலையில் கட்டுவதில் அவருக்கு இருந்த சுறுசுறுப்பு வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

“இங்க பாரு தாணு. மூடிய முதல்ல வயர்ல கோத்திரு. பெறகு தோலச் சீவு. ரொம்பச் சீவாத, உள்ள போற அளவுக்குப் போதும். கம்பித் தும்பெல்லாம் சேத்து முறுக்கி, உள்ள விட்டுத் திருகு. ஒரு தும்பு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கப்பிடாது. திருகினப் பெறகு இழுத்துப் பாக்கணும். அடுத்தாப்ல கிளிப்பு. கிளிப்பு கடிக்க வேண்டியது மேல்தோல, கம்பிய இல்ல. ஆராவது தட்டி இழுத்தா அந்தத் தோலு தாங்கணும். திருகு தாங்காது. கடைசியில மூடி. மூடி போட்டப் பெறகுதான் கிட்டங்கில சுச்சு. தரையில போட்டிராத. என்னா?”

“அண்ணாச்சி, இதெல்லாம் எனக்கு…”

“தெரியும்லா? அப்ப நான் வாறேன்.” வண்டி போய்விட்டது.

நான் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் ஒரு பூக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். சுசீந்திரத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு வாலிபர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கச் சூழ்ந்தார்கள். ஆள் சேர்ந்தால் எனக்குப் பேச்சு வந்துவிடும். நாலு எலெக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று விளக்கிக்கொண்டே, அப்பாவின் நார் கிழிக்கும் கத்தியால் தோலைச் சீவினேன். அண்ணாச்சி கொஞ்சம் சீவச் சொன்னார். நான் முருங்கைக்காய் அளவுக்குச் சீவினேன். சிவப்புக் கம்பியை ஒன்றில் திருகினேன், கறுப்பை ஒன்றில் திருகினேன். பச்சை என்று ஒன்று மிஞ்சியது. பச்சை எதற்கென்று என் பௌதிகப் புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயம் வரை சொல்லப்படவில்லை. அதைப் பின்னுக்கு மடக்கிவிட்டேன். இழுத்துப் பார்க்கவில்லை. நான் திருகியது எனக்குத் தெரியாதா?

பிறகு மூடியை எடுத்தேன். மூடியின் தலையில் ஒரு துளை. அந்தத் துளை வழியாகக் கேபிள் வந்திருக்க வேண்டும். கேபிளின் ஒரு முனை சாக்கெட்டில் பூட்டியாகிவிட்டது. மற்ற முனை கொல்லையைத் தாண்டிக் கிட்டங்கியில், தன் பிளக்கோடு கிடக்கிறது.

“வேய், இத முதல்லயே கோத்திருக்கணுமோ?” என்றான் ஒருவன்.

“இது வேற மாடல்” என்றேன்.

எல்லாவற்றையும் அவிழ்த்து, நைந்த முனையை வெட்டி, மறுபடி சீவி, மறுபடி திருகினேன். இந்தத் தடவை மின்சாரத்தைக் கண்டுபிடித்த வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்தேன். திருகி முடித்து நிமிர்ந்தால், மூடி என் மடியில் உட்கார்ந்திருக்கிறது. அதே துளை. அதே கேபிள். சுசீந்திரத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் தடவை அவிழ்க்க மானம் இடம் கொடுக்கவில்லை. மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கிளிப்பு தடித்த கேபிளுக்குச் சின்னதாக இருந்தது. அதையும் பையில் போட்டேன்.

இப்போது திருகுகள் மூன்றும், தும்பு நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளும் வெட்டவெளியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. எதையாவது சுற்றி மறைக்க வேண்டும். தோவாளைக்காரனுக்கு எது அவிழ்ந்தாலும் கை போகிற இடம் ஒன்றுதான். என் கொள்கையெல்லாம் அந்த நொடியில் காற்றில் போயிற்று. காய்ந்த வாழைநார் ஒடியும் என்பதால் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு சட்டியில் நார் ஊறிக்கொண்டிருக்கும். அதிலிருந்து சொட்டச் சொட்ட ஒரு கொத்தை எடுத்தேன். ஈரத்தில் கரண்டு பாயும் என்பது முதல் அத்தியாயத்திலேயே இருந்தது. (படித்திருக்கிறேன். அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.) ஆனாலும் சுற்றினேன். சுருக்குப் போட்டு, இடையில் பிரி விட்டு, முனையில் குஞ்சம் வைத்துச் சுற்றினேன். என் வாழ்நாளில் நான் கட்டியதிலேயே அழகான கட்டு அதுதான்.

அந்த வழியாக வந்த அப்பா நின்று பார்த்தார். அவர் கண்ணுக்கு அது மாலையாகத்தான் தெரிந்திருக்கிறது. “கட்டு கொள்ளாம், நல்லாருக்கு. நடுவுல கொஞ்சம் தொய்வு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டைத் தொழுவத்து ஓரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்து, ஆம்பிளிபயரின் பிளக்கை அதில் செருகிவிட்டு, கிட்டங்கியில் சுவிட்சைப் போடப் போகும்போது அக்கா பின்வாசலில் நின்றாள். தலை நிறையப் பூ, பட்டுச் சேலை, முகத்தில் மட்டும் கல்யாணம் இல்லை.

“ஏலே தாணு, உள்ளதச் சொல்லு. உனக்கு இது தெரியுமா, தெரியாதா?”

“தெரியாமலா செய்யேன்?”

“தெரியல்லன்னா இப்பச் சொல்லு மக்கா. ஆள விட்டு அண்ணாச்சியக் கூப்பிட்டிரலாம். இதுவும் போச்சுன்னா…”

“கரண்டப் பத்திப் பொம்பளைக்கு என்னட்டி தெரியும்? நீ போயி உக்காரு” என்றேன்.

இந்த வாக்கியத்தைச் சொன்ன வாயை, இத்தனை வருடம் கழித்தும், கிடைத்தால் ஒரு அறை விடலாம் என்றிருக்கிறது. மூத்தவளை, ‘அடீ’ என்கிற மாதிரி, ‘அட்டி’ போட்டது வேறு. அவள் உள்ளே போனாள்.

மைக் செட் வேலை செய்தது. அதுதான் கொடுமை. அப்போதே புகைந்திருந்தால் அக்கா சொன்னபடி ஆள் அனுப்பியிருக்கலாம். குழாய் பாடியது, ஊர் கூடியது, நான் ஆம்பிளிபயர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு கலெக்டர் மாதிரி நின்றேன். கொல்லைப் பக்கமிருந்து வாழைத்தண்டு வேகிற மாதிரி லேசாக ஒரு மணம் வந்தது. சமையல்காரர் கூட்டு வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். (கூட்டு பூசணிக்காயில் என்பது சாப்பிடும்போதுதான் தெரிந்தது.)

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்கு முன் தாலி ஏற வேண்டும். மாதேவன் சார் ஒன்பதைத் தாண்டியதும் மைக்கின் முன் வந்து நின்றார். மைக்கில் இரண்டு தடவை ஊதினார். தன் மூச்சு தென்னை உச்சியிலிருந்து கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோதே இந்த மனிதர் இனி இறங்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

“வாழையும் தெங்கும் வளர்நாஞ்சில் நன்னாட்டில்…” என்று தொடங்கினார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொன்னார். முதலில் நாஞ்சில் நாட்டின் மலைகள். பிறகு குளங்கள். பிறகு குளங்களில் உள்ள மீன்கள். மீனுக்குப் பிறகு நெல்வகைகள். பந்தலில் குழந்தைகள் அழுது, தூங்கி, எழுந்து மறுபடி அழுதன. பத்து மணி ஆனபோது பாட்டில் மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா இன்னும் பிறக்கவில்லை.

ஐயர் மடியில் இருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அப்பா ஐயரைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பூதப்பாண்டி. திறக்காவிட்டால் ராகுகாலம். மாப்பிள்ளையின் கையில் மஞ்சள் கயிறு தயாராக இருந்தது. அந்தக் கை வியர்த்துக்கொண்டிருந்தது. அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. குனிந்தபடியே அவள் கண் என் பக்கம் ஒரு தடவை வந்து போனது. என் கையில் ஆம்பிளிபயரின் குமிழ் இருந்தது. அதைத் திருகி அணைத்துவிட்டால் எல்லாம் முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மைக் இவ்வளவு நேரம் தடங்கலில்லாமல் வேலை செய்கிறதே என்ற பெருமையில் நான் நின்றுகொண்டிருந்தேன்!

எங்கள் பசு சிவப்பியைப் பற்றி நான் இங்கே சொல்லியாக வேண்டும். அவளும் தோவாளைக்காரிதான். புல்லைவிட அவளுக்கு வாடிய பூவும் வாழைநாரும்தான் உயிர். கிழித்து மிஞ்சுகிற நார் எல்லாம் தினமும் அவளுக்குத்தான் போகும். அன்று கல்யாண அமளியில் அவளுக்கு யாரும் எதுவும் போடவில்லை. அவளுடைய தொழுவத்தின் ஓரத்தில், ஒரு கல்லின் மேல், வேகவைத்த நாரைக் குஞ்சம் வைத்துக் கட்டி நான் தயாராக வைத்திருக்கிறேன்.

சிவப்பி கழுத்தை நீட்டுவது நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. ஓடிப்போய் விரட்டியிருக்கலாம். ஓடினால் எல்லோரும் பார்ப்பார்கள், மரியாதைக் குறைவு. நின்ற இடத்திலிருந்தே, “ச்சூ, ச்சூ” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு குஞ்சத்தைக் கவ்வினாள்.

எர்த்துக்கான பச்சைக் கம்பியை மடக்கிவிட்ட சாக்கெட், ஈர நார், ஈர மூக்கு. சிவப்பி ஆகாயத்துக்குத் துள்ளினாள். குஞ்சம் கொம்பில் மாட்டிக்கொண்டது. கிளிப்பு என் பையில் இருந்ததால் இழுப்பைத் தாங்க ஒன்றும் இல்லை. நான் திருகிய திருகுகள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கம்பிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று முத்தமிட்டன. நீலமாக ஒரு வெளிச்சம், ‘படார்’ என்று ஒரு சத்தம், கிட்டங்கியில் ஃபியூஸ் போயிற்று. சாக்கெட்டில் செருகியிருந்த பிளக்கோடு சேர்ந்து ஆம்பிளிபயரும் பெஞ்சிலிருந்து இழுபட்டுத் தலைகுப்புற விழுந்தது. உயிர் போகும் முன் குழாய் தென்னை உச்சியிலிருந்து ‘டொம்ம்’ என்று ஒரு தடவை அதிர்ந்தது.

மாதேவன் சார் அந்தச் சமயம், ஒரு வரியை இரண்டாம் முறை சொல்வதற்காகக் கையை உயர்த்தியிருந்தார்.

கை காட்டியாகிவிட்டது. வெடி கேட்டாகிவிட்டது. காலையில் நடந்த பாடத்தை யாரும் மறக்கவில்லை. தவில் இடி மாதிரி இறங்கியது, நாதசுரம் எழும்பியது. மேளம் கேட்ட மாப்பிள்ளை, இன்னொரு கேள்வி வருவதற்குள், தாலியைக் கட்டிவிட்டார். பெண்கள் குரவையிட்டார்கள். குளத்தங்கரையில் காத்திருந்த வெடிக்காரர், தன்னை விட்டுவிட்டார்கள் என்று பதறி, உண்மையான கதினா வெடியை அதற்குப் பிறகு கொளுத்தினார். ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

“நிறுத்துங்க! நான் இன்னும் முடிக்கல்ல!” என்று சார் கத்தினார். மைக் இல்லாமல் அந்தக் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது.

மேளம் ஓய்ந்தபோது சிவப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள். ஆம்பிளிபயரின் வயரை எங்கேயோ உதறிவிட்டிருந்தாள். கொம்பில் மட்டும் நார்க்கட்டும், அதற்குள் கரிந்த சாக்கெட்டும் நெற்றிச்சுட்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. மூக்கை நக்கிக்கொண்டு நேராக மாலைத் தாம்பாளத்துக்குப் போனாள்.

சார் அந்தக் கட்டைப் பிடித்துப் பார்த்தார். “ஆருவே இந்தக் கனெக்சனக் குடுத்தது?”

சுசீந்திரத்து வாலிபர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள்.

“இதுக்க மூடி எங்கலே?”

நான் சட்டைப் பையில் கையை விட்டு மூடியை எடுத்துக் காட்டினேன். கூடவே கிளிப்பும் வந்தது. பந்தலில் சிரிப்பு கிளம்பியது. முதலில் தவில்காரர், காலையிலிருந்து அடக்கிவைத்தது அத்தனையும் அவருக்கு வெளியே வந்தது. சாரின் முகம் கறுத்தது. அவர் காகிதத்தை மடித்தார்.

அப்பா குறுக்கே ஓடி வந்தார். “சாரு… சின்னப் பய… தெரியாம…”

சார் மாப்பிள்ளையின் இடது கையைப் பிடித்தார். “வாடா போவோம்” என்று இழுத்தார். மாப்பிள்ளையின் வலது கை அக்காவின் கையோடு கோத்திருந்தது. இழுத்த இழுப்பில் இரண்டு பேருமாக எழுந்து வந்தார்கள். சார் திரும்பிப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்தார். இரண்டு பேரும் இன்னும் ஒரு அடி வந்தார்கள்.

“மாமா, நீங்க சொன்னதத்தானே செஞ்சேன்” என்றார் மாப்பிள்ளை. “மேளம் கேட்டா தாலி.”

இந்தத் தடவை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கல்யாணப் பெண் என்பதை மறந்து, நிமிர்ந்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு சாரைப் பார்த்து, “மாமா, மீதிப் பாட்ட நம்ம வீட்டுக்கு வந்து கேக்கேன். இருந்து முழுசும் கேக்கேன்” என்றாள்.

அவர் கவிதையை முழுசும் கேட்கிறேன் என்று அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சார் மருமகனின் கையை விட்டார். காகிதத்தை விரித்து, மடிப்பை நீவிவிட்டு, அக்காவிடம் கொடுத்தார். (அவள் கேட்கவும் செய்தாள், பாவம். பல வருடம் கேட்டாள். கொள்ளுத்தாத்தா ஒருவழியாகப் பிறந்தார் என்று தலைதீபாவளிக்கு வந்தபோது சொன்னாள்.)

செல்லையா அண்ணாச்சி சாயங்காலம் வந்து, ஆம்பிளிபயருக்குள் வால்வுகள் நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்தார். பிறகு, “மூடிய முதல்ல கோக்கச் சொன்னேன்லா சவமே” என்றார். அதற்குப் பின் நான் வடசேரிப் பக்கம் தலை காட்டினால் கடையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அன்று காலை முழுதும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் பெண்கள் ஈரக் காலோடு தண்ணீர்க் குடம் சுமந்து போனார்கள். குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். அவர்களில் ஒருவர் கை அதில் பட்டிருந்தால் எங்கள் வீட்டில் அது கல்யாண நாளாக இருந்திருக்காது. பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாரைக் கண்டால் மட்டும் முதலில் முகர்ந்து பார்க்கப் பழகிக்கொண்டாள். எனக்கு இல்லாத புத்தி.

எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. யாராவது கதையை நீட்டினால், உபதேசம் செய்தால், கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துவிட்டு விடாமல் நின்றால், “மாட்ட அவுத்து விடு” என்பார்கள். சுசீந்திரத்திலும் இப்படியே சொல்கிறார்கள். காரணம் தெரியாத மருமகள்களும் சொல்கிறார்கள்.

என் மகள் கல்யாணத்துக்கு நானே ஒரு வாழ்த்துப்பா எழுதினேன். எழுதக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லையே. வயதான பிறகு எனக்கும் நாலு நல்ல வார்த்தை வரும் என்று ஒரு எண்ணம். மைக்கின் முன் போய் நின்றேன். தொடங்குவதற்கு முன் ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். முதலில் மலைகளைப் பற்றிச் சொன்னேன். பிறகு குளங்களுக்கு வந்தேன். கூட்டம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உற்சாகம் ஏறியது. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் அத்தான். அவள் அவரிடம் சொல்வதுபோல, ஆனால் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“எய்யா, அந்த மாட்ட ஆராவது அவுத்து விடுங்களேன்.”

நான் காகிதத்தை மடித்தேன். மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினேன்.